கண்ணாடி டம்ளரில் ஒரு காப்போ

எங்கள் ஊரில் கப்புச்சீனோ கேட்டால் கப்புச்சீனோ கிடைக்காது. கடை திறந்த நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ரயிலை விட்டு இறங்கி, த்ரியெஸ்தேவின் கடலைப் பார்த்து வாயைப் பிளந்து, வழி தப்பி சான் ஜாக்கொமோ மேடு வரைக்கும் ஏறி வந்துவிடும் வெளியூர்க்காரர்கள் என் கவுண்டரில் கையை ஊன்றி அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். மிலானோ மாதிரி இத்தாலியின் மற்ற ஊர்களில் அதைச் சொன்னால் பெரிய கோப்பை வரும். அடியில் கெட்டிக் காபி, அதன் மேல் சூடான பால், அதற்கும் மேல் மீசையில் ஒட்டிக்கொள்கிற நுரை. காலையில் மட்டும்தான் குடிப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவன் அதைக் கேட்டால் உடம்புக்கு ஏதோ சரியில்லை போல என்று பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அதே பேரைச் சொன்னால் இரண்டு மடக்கில் தீர்ந்துபோகும் சின்னக் கோப்பை ஒன்றைத்தான் வைப்போம். பெரியது வேண்டுமென்றால் 'காஃபெலாத்தே' என்று கேட்க வேண்டும். வெறும் கறுப்புக் காபிக்கு 'நேரோ'. சின்னக் காபியின் தலையில் நுரைத்த பால் விட்டால் 'காப்போ'. அதையே கோப்பையில் இல்லாமல் சின்னக் கண்ணாடி டம்ளரில் கேட்டால் 'காப்போ இன் பி'. டம்ளருக்கு நாங்கள் சொல்லும் சொல்லின் முதல் எழுத்துதான் அந்த பி. முழுச் சொல்லையும் சொல்லி முடிக்க எங்கள் ஊருக்குப் பொறுமை கிடையாது.

ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசுகிறவர் ஒருவர் எங்கள் கடையில் இருந்தார். ஏர்வீனோ என்று பேர்.

ஏர்வீனோ நகரப் பேருந்து ஓட்டியவர். கடலோரத்திலிருந்து எங்கள் மேட்டுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் வண்டி. ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும். "நீங்கதான் பேசக் கூடாது, நான் பேசலாம்" என்று சொல்லிவிட்டு ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், குறுக்கே வருகிற நாய் எல்லோரையும் ஒரு பிடி பிடிப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தப் பேச்சு முழுவதும் என் கடைக்குக் குடிவந்துவிட்டது. வீடு கடைக்கு மேலேயே, இரண்டாவது மாடி. காலையில் சவரம் செய்து, தலையைப் படிய வாரி, இறங்கி வந்துவிடுவார்.

கப்புச்சீனோ என்று யாராவது கேட்டால் கடையே ஒரே குரலில் "வெளியூரு!" என்று கத்தும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். கையைத் தூக்கித் தாளம் கொடுப்பார். மூலை நாற்காலியில் இருக்கும் பழைய மீன்காரர் பெப்பிதான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்துவார். ஒருமுறை பொலோஞ்ஞாவிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. பையன் என்னிடம் இரண்டு கப்புச்சீனோ கேட்டான். கூரை அதிர்ந்தது. பையன் வெலவெலத்துப் போனான்.

"பயப்படாத தம்பி," என்று ஏர்வீனோ அவன் தோளில் கை போட்டார். "இப்ப இந்த ஒந்தினாம்மா உனக்கு என்ன வைப்பா தெரியுமா? பொம்மைக்கு ஊட்டுற கோப்பை. அதக் குடிச்சிட்டுப் போயி, த்ரியெஸ்தேல ஏமாத்துறாங்கன்னு ஊர் பூரா சொல்லுவே. எங்களுக்குத் தேவையா இது?"

"அப்ப எப்படிக் கேக்கணும்?"

"காஃபெலாத்தேன்னு கேளு."

"எங்க ஊர்ல அது நுரையே இல்லாத பால்காபி ஆச்சே!"

"உங்க ஊர்ல கடலே இல்ல. அத நாங்க ஏதாவது சொன்னோமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சரி, நீங்க என்ன குடிப்பீங்க?"

ஏர்வீனோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மேடையேறிப் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி என்னைப் பார்த்தார். "ஒந்தினா, காப்போ இன் பி!"

"உங்க பேரச் சொல்றீங்கன்னு நெனச்சேன்," என்றாள் அவள். கடையில் அன்று சிரிப்பு அடங்க நேரமானது.

சமையல் முடிந்ததும் நீவெஸ் இறங்கி வருவாள், அவர் மனைவி. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்துக் கை வெந்தவள், அதிகம் பேசாதவள். வாசலிலேயே நின்று, "பேசி முடிச்சியா, இன்னும் மிச்சம் இருக்கா? சூப்பு ஆறுது" என்பாள்.

"மிச்சத்த நாளைக்கு வச்சுக்கலாம்," என்று எழுந்துவிடுவார்.

"இந்த ஆளு செத்தாலும் வாய் மட்டும் ஒரு வாரம் பேசிட்டுத்தான் அடங்கும்," என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். நடந்தது தலைகீழ். வாய்தான் முதலில் போனது.

ஒருநாள் சவரம் செய்துகொண்டிருந்தபோதே கையிலிருந்து கத்தி நழுவியது, பிறகு காலும் மடங்கியது. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் ஒரே வாரலில் வாரிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்து முதன்முதலில் வாயைத் திறந்தவர் தெளிவாக, "காப்போ இன் பி" என்றார். நர்ஸ் சிரித்தாள், "ஐயா நல்லாத்தான் இருக்காரு, காபி கேக்குறாரு" என்றாள். நீவெஸ் சந்தோஷத்தில் அழுதே விட்டாள். வலிக்கிறதா என்று கேட்டாள். "காப்போ இன் பி." நம்ம பையன் பேர் என்ன என்று கேட்டாள். "காப்போ இன் பி." நான் யாரு சொல்லு என்றாள். அதற்கும் அதேதான்.

எல்லாம் புரிகிறது, வெளியே வரும் வழிதான் அடைபட்டுப் போயிற்று என்றார் டாக்டர். சிலருக்கு இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சுமாம். ஒருவருக்குச் சாமி பேர், ஒருவருக்குக் கெட்ட வார்த்தை. எங்கள் ஏர்வீனோ பேருந்தில் சொன்ன கெட்ட வார்த்தைகளில் ஒன்றுகூட அவருக்குத் துணை நிற்கவில்லை. மிஞ்சியது இது.

வீடு திரும்பிய மறுநாளே இறங்கி வந்தார். இடது கையில் தடி, வலது பக்கம் நீவெஸ். அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டதுமே நான் டம்ளரை எடுத்துவிட்டேன். நீவெஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், வேண்டாம், கேட்கட்டும் என்று. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கவுண்டர் வரைக்கும் வந்து, காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காப்போ இன் பி."

நான் போட்டுக் கொடுத்தேன். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்ல? தண்ணீர் வேண்டும் என்று சொல்ல நினைத்தாலும், கால் வலிக்கிறது என்று சொல்ல நினைத்தாலும், போதும் என்னைச் சாக விடுங்கள் என்று சொல்ல நினைத்தாலும் வருவது இந்த ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு அதற்குரிய பொருள் அப்படியே கையில் வந்து சேருகிற இடம் உலகத்தில் என் கவுண்டர் ஒன்றுதான். காபி குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் முழு மனிதராக இருந்தார். பெப்பி மூக்கைச் சிந்திவிட்டு, "அதான் நம்ம ஏர்வீனோ!" என்றார். மற்றவர்கள் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இலையுதிர்காலம் முழுவதும் தினமும் வந்தார்கள். கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று பிடிபட்டது. சொல் ஒன்றுதான், ராகம் ஒன்றில்லை. ஜன்னலை மூடச் சொல்லும்போது ஒரு மாதிரி இழுப்பார். கோபம் வந்தால் 'பி' மட்டும் வெடிக்கும். பெப்பி புளுகினால் மூன்றையும் ஒன்றாக்கி, மூக்கால் சிரித்துக்கொண்டே ஒரு 'காப்போயின்பி' வரும். அதற்குப் 'போடா பொய்க்காரா' என்று பொருள் என்பது பெப்பிக்கே தெரியும். நீவெஸுக்கு எல்லாமே தெரியும். வீட்டில் இருவரும் சண்டை போட்டுக்கொள்வதே என் கடைக்குக் கேட்கும். அவள் நூறு வார்த்தை, அவர் ஒரே வார்த்தை. ஜெயிப்பது யார் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் அவள் கவுண்டரில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் மெதுவாக, கீழிறங்கும் குரலில், கடைசி எழுத்தை மூச்சிலேயே விட்டுவிட்டு, "காப்போ இன் பி…" என்றார். நான் இன்னொரு காபியாக்கும் என்று டம்ளரில் கை வைத்தேன்.

"காபி இல்ல ஒந்தினா," என்றாள் நீவெஸ். "இது என் பேரு."

"எப்படிச் சொல்றே?"

"காலைல கண்ணு முழிச்சதும் இப்படித்தான் சொல்லுவாரு. நான் பக்கத்துல இருக்கேனான்னு பாக்குறதுக்கு. கல்யாணம் ஆன புதுசுல என்னைக் கூப்பிட்ட அதே குரல்." அவள் முகம் சிவந்தது. "முன்னல்லாம் அவ்வளவு பேசுவாரு, என் பேரச் சொல்லவே மாட்டாரு. ஏய், இந்தா, கேட்டியா, அவ்வளவுதான். இப்பதான் நாளெல்லாம் கூப்பிடுறாரு."

பிறகு அவர் பக்கம் திரும்பி, "இங்கதான் இருக்கேன்" என்றாள். அவர் சமாதானமாகித் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். அவளுக்கு அது ஒன்று போதுமாக இருந்தது. கஷ்டப்பட்டுத் தூக்கினாள், குளிப்பாட்டினாள், ராத்திரித் தூக்கம் கெட்டாள். அதெல்லாம் அந்த ஒரு கூப்பிடலுக்காக என்று எனக்குப் புரிந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று அன்றைக்கே எனக்கு ஒரு பயம் வந்தது.

பிடுங்கியது முதலில் போரா. எங்கள் ஊர்க் குளிர்காலக் காற்று. அது இறங்கிவிட்டால் மூலைக்கு மூலை கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மருந்து வாங்கப் போன நீவெஸை, சாய்ந்து விழுந்த ஸ்கூட்டர் ஒன்று தன்னோடு சேர்த்துக் கீழே தள்ளியது. இடுப்பெலும்பு உடைந்தது. ஆம்புலன்ஸ் வந்து தெருமுனையிலிருந்தே அவளைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு எதுவும் தெரியாது. காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தேன். மேலே ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"காப்போ இன் பி! காப்போ இன் பி! காப்போ இன் பி!"

கடைக்குள் வந்த ஒருவன், இந்தத் தெருக்காரன் இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னான், "மேல ஒருத்தர் காபி கேட்டுக் கத்துறாரு, கொண்டுபோய்க் குடுங்கம்மா. என்ன சோம்பேறித்தனம், எறங்கி வர முடியாதா?" நான் கையிலிருந்த துணியை அவன் மேல் வீசிவிட்டு மாடிக்கு ஓடினேன். ஏர்வீனோ திறந்த ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தொங்க, காற்றில் முடி பறக்க, தெருமுனையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அவள் விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸ் போனதையும் பார்த்திருக்கிறார். அவள் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். ஊர் அதைக் காபி என்று கேட்டிருக்கிறது.

ஒரு வாரம் நானும் அக்கம்பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். பிறகு முடியவில்லை. ஊரில் இருக்கும் முதியோர் இல்லங்களில் கேட்டோம். எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் 'முடியாது'தான். அதைச் சொல்லும்போது எங்கள் ஆட்களுக்கு ஒரு திருப்தி. அந்தப் பதில்தான் வந்தது. மகன் சாந்த்ரோ வெரோனாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இல்லத்தில் இடம் கிடைத்தது. நல்ல பையன், பொய் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நடக்குற வரைக்கும்தாம்மா. வசந்தத்துல நானே கூட்டிட்டு வந்துடுறேன்" என்றான்.

"அவரு சொல்றது அங்க யாருக்கும் புரியாதுடா."

"நான் சொல்லி வைக்கிறேன். அது காபின்னு சொல்லிடுறேன்."

"அது காபி இல்லடா!" என்றாள் நீவெஸ்.

எங்கள் ஊரை விட்டு வெளியே போனால் காப்போ என்பதற்குத் தலைவர் என்று பொருள், மேஸ்திரி, முதலாளி, அந்த மாதிரி. இல்லத்துப் பணியாளர்கள் அவர் தங்களை 'தலைவா' என்று கூப்பிடுவதாக நினைத்துக் குஷியாகி, திருப்பி அவரையே 'தலைவரே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாந்த்ரோ விளக்கினான். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் காபி கொடுத்தார்கள். வயிறு வலிக்கிறது என்றாலும் காபி, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாலும் காபி. அப்புறம் இருதயம் படபடக்கிறது என்று டாக்டர் காபியை நிறுத்தினார். அவரிடம் இருந்தது ஒரே சொல், அதற்கும் பதில் கிடையாது என்றாகிவிட்டது.

நீவெஸ் தேறிக் கைத்தடியோடு வீட்டுக்கு வந்தபின் தினமும் என் கடையிலிருந்துதான் போன் செய்வாள். தனியாக வீட்டிலிருந்து பேசத் தைரியம் இல்லை என்றாள். அங்கே ஒரு பெண் போனை அவர் காதில் வைப்பாள். முதல் சில வாரங்கள் அது வந்தது. கீழிறங்கும் குரல், மூச்சில் கரையும் கடைசி எழுத்து. "இங்கதான் இருக்கேன்," என்று நீவெஸ் சொல்வாள். வேறெதுவும் பேச மாட்டார்கள். போனை வைத்துவிட்டு ஒரு நேரோ குடித்துவிட்டுப் போவாள்.

அந்த இல்லத்துக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜினெவ்ரா என்ற பெண் வந்தாள். சின்னப் பெண், கெட்டிக்காரி, ஏர்வீனோ மேல் பிரியமாக இருந்தாள். அவளைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன், வரவில்லை. தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்து, மேசையில் ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டுத் தட்டி, வராத சொல்லை வரவைத்தாள். 'காப்போ' என்று தொடங்குகிறவரை அந்தத் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். நாடு முழுக்கப் புரிகிற ஒரு சொல்லுக்கு.

சாந்த்ரோ வீடியோ அனுப்பினான். நீவெஸ் அதை என் கவுண்டரில் வைத்துத்தான் பார்த்தாள், நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன், கண்ணில் புரை விழுந்த பெப்பி பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தார். ஏர்வீனோவின் கை மேசையில் நான்கு முறை தட்டியது. "கப்-புச்-சீ-னோ." சுற்றி நின்ற பணியாளர்கள், கிழவிகள் எல்லோரும் கைத்தட்டினார்கள். ஏர்வீனோ சிரித்தார். கைத்தட்டல் நின்றதும் மறுபடி தட்டினார், "கப்-புச்-சீ-னோ." மறுபடி கைத்தட்டல்.

பெப்பி, "நல்லாத்தானே சொல்றாரு…" என்று ஆரம்பித்தவர், நீவெஸ் மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டு நிறுத்திக்கொண்டார்.

அவள் அங்கேயே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். "அம்மாடி, அவரோட பழைய சொல்ல விட்டுடு. அத மாத்தாத."

"அம்மா, அது இங்க யாருக்கும் புரியலையே. புரியுற சொல்லு ஒண்ணாவது அவருக்கு வேணாமா?"

"எனக்குப் புரியும்."

அந்தப் பெண் மெதுவாக, "நீங்க எப்பவும் அவர் பக்கத்துல இருக்க முடியாதேம்மா" என்றாள். அதில் பொய் எங்கே இருக்கிறது? அங்கே இருந்த சாந்த்ரோ போனை வாங்கி, "அப்பா முன்னேறிட்டு வர்றாரும்மா, நீ எதுக்கு அழுவுறே?" என்று கேட்டான். முன்னேற்றம் வேண்டாம் என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு போனில் வந்ததெல்லாம் தட்டல்தான். நான்கு தட்டு, நான்கு அசை, எல்லாம் ஒரே உயரம், ஏற்றம் இல்லை இறக்கம் இல்லை. "இங்கதான் இருக்கேன்" என்று நீவெஸ் சொன்னாலும் அந்தப் பக்கம் கைத்தட்டலுக்குக் காத்திருக்கிற அமைதி. "போன்ல கேக்குறதால அப்படி இருக்கு," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். "இங்க வந்தா சரியாயிடும் ஒந்தினா. அந்தக் கவுண்டரப் பாத்தா, உன்னப் பாத்தா, வாய் தானா வழிக்கு வந்துடும். நீ பாரேன்." நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வசந்தத்தில் சாந்த்ரோ சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். காரில் கூட்டிக்கொண்டு வந்தான். நீவெஸ் முதல் நாளே தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டாள். மாடிக்குப் போவதற்கு முன்னால் கடைக்குத்தான் வர வேண்டும் என்று அவளே ஏற்பாடு. காலை வேளை. பழைய ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். கண்ணில் புரை முற்றி, யார் வருகிறார் போகிறார் என்று தெரியாத நிலையில் பெப்பி மூலையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். நான் டம்ளரைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏர்வீனோ இளைத்திருந்தார். யாரோ தலையை வேறு வகிடு எடுத்து வாரிவிட்டிருந்தார்கள். வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தார். காபி இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தெரிந்துகொண்டார், நிச்சயமாகத் தெரிந்துகொண்டார். நீவெஸ் என் கையைப் பிடித்து நசுக்கினாள். பழையபடி தடியை ஊன்றிக் கவுண்டர் வரைக்கும் வந்தார். பழையபடி இடது கையால் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தக் கை காலரிலிருந்து இறங்கிக் கவுண்டருக்கு வந்தது. நான்கு முறை தட்டியது.

"கப்-புச்-சீ-னோ."

மூலையில் பெப்பி தூக்கம் கலைந்து, கண் தெரியாமல், இத்தனை வருடப் பழக்கத்தில் தொண்டை கிழியக் கத்தினார்.

"வெளியூரு!"

ஏர்வீனோ உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, யார் அந்த வெளியூர்க்காரன் என்று பார்க்க வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் யாரும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் அங்கேயே தேடிக்கொண்டிருந்தார்.

பெப்பிக்கு யாரோ காதில் சொல்லியிருக்க வேண்டும். கிழவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குக் கை ஓடவில்லை. ஏர்வீனோ கேட்டதைக் கொடுத்தால் சின்னக் கோப்பை, வெளியூர்க்காரனுக்கு வைக்கிறது. டம்ளரில் கொடுத்தால் அவர் கேட்காதது. கடைசியில் டம்ளரில்தான் போட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீவெஸ் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "ஏர்வீ, நான்தான். காலைல கூப்பிடுவியே, அப்படி ஒரு தடவ கூப்பிடு. காபி வேணாம். என்னைக் கூப்பிடு."

அவருக்குப் புரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், புரிந்தது. கண் அவளை விட்டு நகரவில்லை. உதடு குவிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, அந்தப் பழைய கீழிறங்கும் குரலைத் தேடி எங்கோ உள்ளே போய்த் துழாவியது எங்களுக்கே தெரிந்தது. கை தானாகக் கவுண்டரைத் தட்டத் தொடங்கிவிட்டது.

"கப்-புச்-சீ-னோ."

சொல்லிவிட்டுப் புருவத்தைத் தூக்கிக் காத்திருந்தார். கைத்தட்டல் வரவில்லை. சாந்த்ரோ தரையைப் பார்த்தான். ஏர்வீனோவின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்துபோன கண், தண்ணீர் கட்டிக்கொண்டு நீவெஸைப் பார்த்தது.

"இனிமே என்னைக் கூப்பிட யாரும் இல்ல ஒந்தினா," என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலேயே.

பிறகு கைத்தடியைக் கவுண்டரில் சாய்த்து வைத்துவிட்டுக் கைத்தட்டினாள். தனியாக, சலவைக் கூடத்தில் வெந்த கைகளால். ஏர்வீனோவின் முகம் மலர்ந்தது. சாந்த்ரோ தட்டினான், மற்றவர்கள் தட்டினார்கள், நானும் தட்டினேன். அவர் திருப்தியாக டம்ளரை எடுத்துக் குடிக்க ஆரம்பித்ததும் நாங்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டோம். நீவெஸ் நிறுத்தவில்லை.